பிராக்: தரையைப் பார்த்து நடந்த இரண்டு நாள்கள்

2024 செப்டம்பர் 11 ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில், நான் கட்டடப் பொறியியலில் முதுகலை படிக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. சில நிமிடங்களுக்கு முன்புதான் ஒரு டிராம் அதைக் கடந்து போயிருந்தது. யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. 1971 இல் கட்டி முடிக்கப்பட்ட கான்கிரீட் பாலம் அது. உள்ளே இறுக்கி இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் வெளியே தெரியாமல் பரவிய அரிப்புதான் அதை வீழ்த்தியது என்று பின்னர் விளக்கினார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் வகுப்பில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது பாலத்தில்தான் வந்து நின்றது. செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் 1357 இல் அடித்தளம் இடப்பட்ட சார்லஸ் பாலம் இரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் படிப்பை முடிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நவம்பர் 16, 17 ஆகிய சனி, ஞாயிற்றுக் கிழமைகளில், என்னுடன் அறையில் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பியையும் அழைத்துக்கொண்டு பிராக் நகரத்துக்குப் புறப்பட்டேன்.

பாலத்தைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்த இரண்டு நாள்களில் நான் அதிகம் பார்த்தது தரையைத்தான். அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

டிரெஸ்டனிலிருந்து பிராக் செல்லும் இரயில் பாதை பெரும்பாலும் எல்பே ஆற்றை ஒட்டியே போகிறது. இருபுறமும் செங்குத்தான மணற்கல் பாறைகள்; இடையிடையே ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் சிற்றூர்கள். எல்லையைத் தாண்டியதும் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர். பிராக் நகரத்தின் நடுவே ஓடும் வல்தாவா ஆறு மெல்னிக் என்ற ஊரில் அதனுடன் கலக்கிறது. ஆகவே டிரெஸ்டனில் நான் நாள்தோறும் பார்க்கும் நீரில் பிராக்கைக் கடந்து வந்த நீரும் உண்டு. இரயில் நிற்காமல் கடந்துபோன சிறு நிலையங்களின் பெயர்ப்பலகைகளை அன்று காலை நான் கவனிக்கவில்லை.

பழைய நகரச் சதுக்கத்தை நாங்கள் அடைந்தபோது மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. நகர மன்றத்தின் தெற்குச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்தின் முன் பெருங்கூட்டம் கழுத்தை உயர்த்தி நின்றது. மணி முழுமையானதும் எலும்புக்கூடு உருவம் மணியடிக்க, மேலே இரண்டு சாளரங்களில் இயேசுவின் திருத்தூதர்கள் வரிசையாக வந்து போகிறார்கள். இறுதியில் பொன்னிறச் சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடும். அந்தக் கடிகாரத்தின் சிறப்பு அந்தப் பொம்மைகளில் இல்லை. அவற்றுக்குக் கீழே இருக்கும் வட்டத்தில் இருக்கிறது. காதான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கலைஞரும், பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்த யான் ஷிண்டெலும் சேர்ந்து 1410 இல் உருவாக்கிய வட்டம் அது. ஒரே முகப்பில் அது பலவகை நேரங்களைக் காட்டுகிறது. சூரியன் மறையும் கணத்திலிருந்து 24 மணிகளை எண்ணும் பழைய செக் நேரம் ஒன்று. சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பகலைப் பன்னிரண்டு சம பங்காக்கும் நேரம் மற்றொன்று. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு எளிதில் விளங்கும். பகலை எட்டுப் பங்காக்கி இராகு காலம் குறிக்கிறோமே, அதே முறைதான். அந்த நவம்பர் நாளில் பிராக்கின் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஆகவே அந்தக் கணக்கின்படி ஒரு மணி என்பது ஏறத்தாழ 45 நிமிடம். கோடையில் அதே ஒரு மணி 80 நிமிடத்தைத் தாண்டும். அறுநூறு ஆண்டுகளாக இந்தச் சக்கரங்கள் சூரியனைப் பின்தொடர்ந்து சுற்றுகின்றன என்பதை எண்ணிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

தம்பிதான் முதலில் கீழே பார்த்தான். கடிகாரத்திலிருந்து கிழக்குப் பக்கமாகத் திரும்பிய உடனேயே, கட்டடத்தின் ஓரமாக, கருங்கல் பதித்த தரையில் வெள்ளைக் கற்களால் ஆன சிலுவைகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தோம்; இருபத்தேழு. ஒரு சிறுமி அவற்றின் மேல் தாவித் தாவி விளையாடிக்கொண்டிருந்தாள்.

1620 நவம்பர் 8 ஆம் நாள் நகரத்துக்கு வெளியே வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த போர் இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துப் பேரரசருக்கு எதிராக எழுந்த, இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் பிரபுக்களுடைய படை அதில் சிதறியது. அடுத்த ஆண்டு ஜூன் 21 ஆம் நாள் இந்தச் சதுக்கத்தில் மேடை அமைத்து, எழுச்சியின் தலைவர்கள் இருபத்தேழு பேரைக் கொன்றார்கள். அவர்களில் பிரபுக்கள் மூவர், வீரப் பட்டம் பெற்றவர்கள் எழுவர், மற்ற பதினேழு பேரும் நகரக் குடிமக்கள். இருபத்து நால்வர் வாளுக்கும் மூவர் தூக்குக்கும் இரையானார்கள். என் மனம் அதிகம் நின்றது யான் யெசீனியஸ் என்ற மருத்துவரிடம். அவர் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1600 இல் பிராக்கில் மக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்து உடற்கூறு விளக்கியவர். எழுச்சிக்காகத் தூது சென்று பேசியவர் என்பதால் கொல்லும் முன் அவருடைய நாக்கை அறுத்தார்கள். சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் இரட்டைக் கோபுரத்துடன் நிற்கும் டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராகியின் கல்லறை இருக்கிறது. 1601 இல் அவரை அங்கே அடக்கம் செய்தபோது இரங்கலுரை ஆற்றியவரும் இதே யெசீனியஸ்தான். உரை நிகழ்ந்த தேவாலயத்துக்கும் அந்த நாக்கு அறுபட்ட இடத்துக்கும் இடையே ஒரு சதுக்கத்தின் அகலம்தான்; இருபது ஆண்டுகள்தான்.

அதே சதுக்கத்தின் நடுவில் ஓர் உயரமான தூணின் மேல் மரியன்னையின் சிலை நிற்கிறது. 1650 இல் நிறுவிய தூணை, செக்கோஸ்லோவாகியா விடுதலை அறிவித்த சில நாள்களிலேயே, 1918 நவம்பர் 3 அன்று, ஹாப்ஸ்பர்க் ஆதிக்கத்தின் சின்னம் என்று சொல்லி ஒரு கூட்டம் கயிறு கட்டிச் சாய்த்தது. 2020 இல் அதன் நகலை மறுபடி அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தரப்பார் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். மற்றொரு தரப்பார் கடுமையாக எதிர்த்தார்கள். விழுந்ததையெல்லாம் நிமிர்த்துவது நல்லதுதானா என்ற கேள்விக்கு எனக்கு எளிதான விடை கிடைக்கவில்லை. தூணின் நிழல் தரையில் ஒரு பித்தளைக் கோட்டின் பக்கம் விழுவதைப் பார்த்தேன். நண்பகலில் நிழல் அந்தக் கோட்டின் மேல் விழுவதைக் கொண்டு முன்பு நகரம் தன் நண்பகலைக் குறித்திருக்கிறது. சின்னமாக அந்தத் தூணை ஏற்றுக்கொள்ளத் தயங்கிய நான், கடிகார முள்ளாக அதை மனமார ஏற்றுக்கொண்டேன்.

இனிப் பாலம். அது 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், இருபுறமும் முப்பது சிலைகள். அதற்கு முன் அங்கே இருந்த யூடித் பாலத்தை 1342 இல் வெள்ளம் அடித்துப் போனது. நான்காம் சார்லஸ் மன்னர் புதிய பாலத்துக்கு அடித்தளம் இட்டார். பேதர் பார்லர் என்ற சிற்பி அதன் பணியை நடத்தினார். வெளியே செதுக்கிய மணற்கல் பாளங்கள். உள்ளே சுண்ணச்சாந்தில் குழைந்த கல்நிரப்பு. சாந்து உறுதி பெற நாட்டின் ஊர்களிலிருந்தெல்லாம் முட்டைகளை வரவழைத்தார்கள் என்றும், ஓர் ஊரார் உடையாமல் இருக்கட்டுமே என்று அவித்து அனுப்பினார்கள் என்றும் ஒரு கதையை அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். வளைவுக்குக் கீழே, காம்பா தீவின் பக்கம் இறங்கிப் போய், தூண்களின் அடியைப் பார்த்தேன். நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஒவ்வொரு தூணும் படகின் முனைபோலக் கூர்மையாக இருக்கிறது. அதற்கும் முன்னால் குளிர்காலப் பனிக்கட்டிகளை உடைக்க மரத்தாலான தடுப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். கரையின் மறுபக்கம் பழைய யூடித் பாலத்திலிருந்து எடுத்து வைத்த தாடிக்காரர் தலை ஒன்று சுவரில் இருக்கிறது. ஆற்று நீர் அந்தத் தாடியைத் தொட்டால் கரையோர மக்கள் எச்சரிக்கையாக வேண்டும்; தலையை மூடினால் வெள்ளம் சதுக்கம் வரை வரும் என்பது பழைய கணக்கு.

இந்தப் பாலமும் விழாத பாலம் அன்று என்பதை அங்கே போன பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். 1890 செப்டம்பர் வெள்ளத்தில் அடித்து வந்த மரக்கட்டைகள் வளைவுகளை அடைத்துக்கொள்ள, நீரின் அழுத்தம் தாளாமல் மூன்று வளைவுகள் இடிந்தன. இரண்டு சிலைகளும் ஆற்றில் விழுந்தன. அவற்றில் ஒன்று புனித பிரான்சிஸ் சேவியர் சிலை. தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயரைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. 1542 இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊர் ஊராக நடந்தவர் அவர்; மணப்பாட்டில் அவர் தங்கிய குகையைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பாலத்தில் இன்று இருப்பது பின்னர் செய்து வைத்த நகல். பல நாட்டு மனிதர்கள் தோள் கொடுத்துத் தாங்க, அவர்களுக்கு மேலே அவர் சிலுவையை உயர்த்தி நிற்கிறார். தாங்குகிறவர்களின் முகங்களைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன்.

பாலத்தின் பழைய நகர முனையில் இருக்கும் கோபுரத்தில்தான் கொல்லப்பட்ட இருபத்தேழு பேரில் பன்னிரண்டு பேருடைய தலைகளைப் பத்து ஆண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். யெசீனியஸின் தலையும் அவற்றில் ஒன்று. அதே கோபுரத்தின் பாலத்தை நோக்கிய முகம் மட்டும் சிற்பங்கள் இன்றி வெறுமையாக இருக்கிறது; 1648 இல் மறுகரையைப் பிடித்துவிட்ட சுவீடன் படை சுட்டதில் அழிந்தவை அவை. அப்போது இந்தப் பாலத்தைத் தடுத்துக் காத்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். இந்த நகரத்தின் வரலாற்றில் மாணவர்கள் திரும்பத் திரும்ப வருவதை அந்த இடத்தில்தான் முதலில் கவனித்தேன்.

கோட்டையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வரிசையில் நின்று புனித வீத்தூஸ் பேராலயத்துக்குள் போனோம். 1344 இல் தொடங்கி 1929 இல் முடிந்த கட்டடம் என்ற ஒரு செய்தியே அதன் பொறுமையைச் சொல்லிவிடும். பழைய அரண்மனையில், 1618 மே 23 அன்று பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் வெளியே தள்ளிய சாளரத்தின் அருகே நின்று எட்டிப் பார்த்தோம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் செயலில் தொடங்கிய முப்பதாண்டுப் போர், சதுக்கத்தின் சிலுவைகளையும் கோபுரத்தின் வெறுமையையும் விட்டுச் சென்றது. நான்கே கால் மணிக்குச் சூரியன் மறைந்துவிட்டது. கீழே இறங்கி ஒரு சிறு கடையில் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். அந்தக் குளிரில் அது அருமையாக இருந்தது.

யூத அருங்காட்சியகம் சனிக்கிழமைகளில் திறப்பதில்லை என்பதால் பின்காஸ் தொழுகைக்கூடத்தை ஞாயிறு காலைக்கு வைத்திருந்தோம். தெருவின் மட்டத்திலிருந்து சில படிகள் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கீழ்க்கூடத்தில் சிலையோ ஓவியமோ இல்லை. சுவர்கள் முழுவதும், தரையருகிலிருந்து வளைவு வரை, பெயர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களை ஊர்வாரியாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில், அதன் பின் ஒவ்வொருவர் பெயரும் பிறந்த நாளும் அவரைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்த நாளும் கறுப்பில். தொலைவிலிருந்து பார்க்கும்போது சாம்பல் நிறச் சுவர்போல் தோன்றுகிறது; அருகே போகப் போக அது மனிதர்களாகப் பிரிகிறது. ஒரே குடும்பப் பெயரின் கீழ் ஏழு பேர், எட்டுப் பேர் வரும் இடங்களில் என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை.

இந்தப் பெயர்களை முதலில் 1950களில் எழுதினார்கள். 1968 க்குப் பிறகு நிலத்தடி நீர்க் கசிவைக் காரணம் காட்டிக் கட்டடத்தை மூடினார்கள். பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடந்த வேலையில் சுவரின் பூச்சோடு பெயர்களும் போயின. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுவர்கள் வெறுமையாகவே இருந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சி மாறிய பிறகு, 1992 முதல் 1996 வரை, ஒவ்வொரு பெயரையும் மறுபடி எழுதினார்கள். 2002 ஆகஸ்டில் வல்தாவா பெருகியபோது தாழ்ந்த மட்டத்தில் இருக்கும் இந்தக் கூடத்துக்குள் நீர் புகுந்து கீழ்வரிசைப் பெயர்களை மீண்டும் சேதப்படுத்தியது, மீண்டும் எழுதினார்கள். அதே வெள்ளம் சில நாள்களில் டிரெஸ்டனை அடைந்து 9.40 மீட்டர் வரை உயர்ந்ததை எங்கள் பாடத்தில் ஒரு வரைகோடாகப் படித்திருக்கிறேன். அந்தக் கோட்டின் மறுமுனையில் இப்படி ஒரு சுவர் இருந்தது எனக்குத் தெரியாது.

தம்பி அதுவரை ஒன்றும் பேசவில்லை. வெளியே கல்லறைத் தோட்டத்துப் படியில் நிற்கும்போது மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, எங்கட கம்பஸிலயும் ராவோட ராவா இடிச்சவங்கள். நாங்கள் திரும்பக் கட்டினனாங்கள்." யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது; மாணவர்கள் போராடிய பின் அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. அப்போது அவன் அங்கே மாணவன். அவனுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று தெரியாமல் அவன் தோளில் கை வைத்தேன். எதிரே, பன்னிரண்டு அடுக்குகள் வரை மேலுக்கு மேல் புதைத்த அந்தத் தோட்டத்தில், கிட்டத்தட்ட 12,000 நடுகற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. அவற்றில் மிகப் பழையது 1439 ஆம் ஆண்டுடையது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆற்றங்கரையில் யான் பலாக் சதுக்கம். அதன் ஓரத்தில் 1348 இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் இருக்கிறது. சுவரில் பலாக்கின் முகம் வெண்கலத்தில். 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்த பிறகு, மக்கள் மெல்ல மெல்ல அடங்கிப் போவதைப் பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று தன் உடலில் தீ வைத்துக்கொண்ட மாணவர் அவர். வயது இருபது. மூன்றாம் நாள் இறந்தார். அவருடைய கல்லறையில் மக்கள் மலர் வைப்பதைக் கண்டு அஞ்சிய இரகசியப் போலீசார், 1973 இல் உடலைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலைத் தாயிடம் அனுப்பிவிட்டு, அந்தக் குழியில் முன்பின் தெரியாத ஒரு மூதாட்டியைப் புதைத்தார்கள். 1990 இல்தான் பலாக்கின் சாம்பல் பழைய இடத்துக்குத் திரும்பியது. தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. 1927 இல் பிறந்த கமில் சுவெலபில் படித்தது இங்கேதான். இந்த நகரத்தில் அமர்ந்துதான் சங்கப் பாடல்களையும் தமிழ்ப் பேச்சு வழக்குகளையும் ஆராய்ந்தார். 1968 படையெடுப்புக்குப் பின் அவரும் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார்.

அன்று நவம்பர் 17. அந்தத் தேதி அங்கே எவ்வளவு பெரியது என்பதை எண்ணாமலேதான் பயண நாளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். 1939 இல் இதே நாளில் நாஜிகள் மாணவர் தலைவர்கள் ஒன்பது பேரைக் கொன்று, செக் பல்கலைக்கழகங்களை மூடி, 1,200 க்கும் மேற்பட்ட மாணவர்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1989 இல், அதே நினைவுநாள் ஊர்வலமாகப் புறப்பட்ட மாணவர்களை நாரோட்னி தெருவில் போலீசார் மறித்து அடித்தார்கள். ஆறு வாரத்தில் ஆட்சியே போயிற்று. நாங்கள் போனபோது அந்தத் தெருவில் நடக்க இடமில்லை. வளைவுக்கூடத்தின் சுவரில் விரித்த கைகளாகச் செய்த சிறு நினைவுச்சின்னம். அதன் கீழே தரையெல்லாம் மெழுகுவத்திகள். தாத்தா ஒருவர் பேரனைத் தூக்கிப் பிடித்து ஒரு திரியை ஏற்ற வைத்தார். எங்களுக்கும் ஒரு பெண்மணி மெழுகுவத்தி ஒன்றை நீட்டினார். தம்பி வாங்கி ஏற்றினான்.

வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் முன், பலாக் எரிந்த இடம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் நினைவுச்சின்னம் எதுவும் கண்ணில் படாது. நடைபாதையின் கற்கள் இரண்டு இடங்களில் சற்றே மேடாக எழும்பியிருக்கின்றன. அவற்றை இணைத்தபடி ஒரு வெண்கலச் சிலுவை தரையில் கிடக்கிறது. பலாக்குக்கும், அடுத்த மாதம் அதே வழியில் போன யான் சயீத்ஸ் என்ற மாணவருக்கும் உரிய இடம் அது. தரைக்கு அடியில் யாரோ புரண்டு படுத்திருப்பதுபோல் அந்தக் கற்கள் தோன்றின. நிமிர்ந்து பார்த்தால், 1968 இல் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த அருங்காட்சியகத்தின் முகப்புத் தூண்களில் அடைப்புகள் வெளிறிய நிறத்தில் தெரிகின்றன. அண்மையில் முகப்பைப் புதுப்பித்தபோதும் அவற்றை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடப் பொறியாளராகப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறம் பொருந்தும் கல்லைத் தேடி அந்தத் துளைகளை மறைப்பது கடினமான வேலை அன்று. அப்படிச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

மாலை இரயிலில் ஆற்றின் பக்கம் இருக்கை கிடைத்தது; ஆனால் வெளியே இருட்டு. பிராக்கைவிட்டு ஒரு மணி நேரத்துக்குள், வேகம் குறையாமல் ஒரு சிறு நிலையத்தைக் கடந்தோம். விளக்கொளியில் பெயர்ப்பலகை ஒரு கணம் தெரிந்தது: பொஹுஷோவிட்சே. காலையில் சுவரில் படித்தவர்களில் பெரும்பாலோரை முதலில் கொண்டுபோன டெரெசீன் முகாமுக்கு அருகில் இருந்த நிலையம் அது. 1943 ஜூனில் முகாமுக்குள்ளேயே தண்டவாளம் போடும்வரை, இங்கே இறங்கி, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து போனார்கள். தம்பியை எழுப்பலாமா என்று பார்த்தேன். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவனும் அந்தப் பலகையைப் படித்திருந்தான்.